பெயரட்டை

லாண்ட்ஸ்டூல் மலையில் அமெரிக்கர்களின் ஆஸ்பத்திரி.
அதன் சமையலறையில் இருபது வருசம் எனக்கு வேலை.
பெரிய மனுசர் வந்தால் மேசை போடுவது,
மடித்த அட்டையில் பெயர் வைப்பது,
கோப்பி ஆறாமல் பார்ப்பது.
அரசியல் எனக்குக் கிட்ட வந்தது அவ்வளவுதான்.

வேர்னன் கிராடக் முதல்முறை வந்தபோது
அட்டையில் ஓர் எழுத்துப் பிழை.
பேனா எடுத்துத் தானே திருத்திக்கொண்டார்.
முப்பத்தெட்டு வயது. கோட்டில் கொடி ஊசி.
சோளமும் தேவாலயமுமாய் ஏதோ ஒரு தொகுதி.
'அறுபத்தொரு வீதம்!' என்று
கோப்புக்கட்டோடு கூடவந்த பெடியன்
என்னிடம்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டான்.
போருக்கு 'ஆம்' என்று பொத்தான் அமுக்கிய விரல்களால்
மூன்றாம் மாடியில், காலில்லாத பிள்ளையின்
போர்வையை இழுத்துச் சரிசெய்தார்.
படக்காரன் 'இன்னொருக்கால்' என்றான்.
இன்னொருக்கால் சரிசெய்தார்.

இரண்டாம் முறை குழுத் தலைவர்.
காதோரம் நரை. நாற்காலியே பெரிசு.
முட்டைப் பொரியலுக்கு நடுவே எல்லை பற்றிப் பேசினார்:
வரிசையில் நிற்காமல் உள்ளே வருகிறவர்கள்,
அவர்களால் கெட்டுப்போகும் சட்டம்.
நான் கூசாவோடு அவர் தோளுக்குப் பின்னால் நின்றேன்,
செக் எல்லையில் லொறிக்குள் பதினாறு மணித்தியாலம்
உருளைக்கிழங்குச் சாக்குகளுக்கிடையில் படுத்துவந்தவள்,
ட்ரியரில் இரண்டுதரம் நிராகரிக்கப்பட்டவள்.
வரிசை எங்கே தொடங்குது என்று
எனக்கு ஒருத்தரும் காட்டவில்லை, ஐயா.
'பால்?' என்று மட்டும் கேட்டேன்.
'வேண்டாம், நன்றி மேடம்.'
மரியாதையில் குறை சொல்ல ஏலாது.

மூன்றாம் முறை மனைவியோடு வந்தார்.
செனட்டுக்குப் போகப்போகிறார் என்று கதை.
போகவில்லை.
ஏனென்று அப்போது நான் தேடிப் பார்க்கவில்லை,
மகளுக்குச் சோதனைக் காலம்.

பிறகு ஒருநாள் பேருந்தில், கைபேசியில் அவர் முகம்.
போரில் நம் பிள்ளைகளுக்கு மொழிபெயர்த்தவர்களை
அழைத்துக்கொள்வோம் என்ற சட்டத்துக்கு
கட்சியைத் தாண்டி 'ஆம்' போட்டாராம்.
இருபது வருசத்தில் அப்படி ஒரே ஒரு 'ஆம்'.
அடுத்த வருசம் சொந்தக் கட்சிக்குள்ளேயே தோல்வி.
இருநூற்றுப் பதினான்கு வாக்கு.
வென்றவனின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்:
அந்தக் கோப்புக்கட்டுப் பெடியன்.
அதே கொடி ஊசி.
இறங்கவேண்டிய தரிப்பு போய்விட்டது.

நான்காம் முறை மேசை போடச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை.
பெப்ரவரி. மலை முழுக்க ஈரமூட்டம்.
கழுத்தில் விருந்தாளி அட்டை தொங்க
உணவகத்தில் தட்டேந்தி நின்றார் கிராடக்,
எனக்கு நேரே, வரிசையில்.
நாலாம் மாடியில் ஸ்மராய் என்றொருவனைப் பார்க்க வந்தாராம்,
காபூலில் மொழிபெயர்த்தவன், தாடை சிதறியவன்.
அவனிடம் என்ன சொன்னார், தெரியாது.
அவன் பேச ஏலாதவன்.

சூப், பாண், கோப்பி. ஐந்து டொலர் நாற்பது.
ஐந்து டொலர்த் தாளை வைத்துவிட்டு
எல்லாப் பைகளையும் தட்டிப் பார்த்தார்.
பேனா வந்தது. சாவி வந்தது.
என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.
என் ஏப்ரனுக்குள் இரண்டு கால் டொலர்க் காசு.
விரலில் பட்டது. எடுக்கவில்லை.
பின்னால் நின்ற தாதி எட்டிப் போட்டாள்.
'நன்றி மேடம்' என்றார்,
அவளுக்கா எனக்கா, தெரியவில்லை.

வீட்டில் குசினி லாச்சிக்குள்
அவர் திருத்திய அந்த முதல் அட்டை இன்னும் கிடக்கிறது.
நல்ல தடிப்பு என்று கொண்டுவந்தது.
பின்பக்கத்தில் என் கையெழுத்தில்:
வெங்காயம் இரண்டு கிலோ, செத்தல்மிளகாய்,
ரயில் சீசன் புதுப்பிக்க வேண்டும்.